போகுதா என்று கேட்காமல் விட்ட வெள்ளிக்கிழமை

படகுத்துறையில் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

உங்களிடம் வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லி சூப்பர்வைசர் பொண்ணு மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டாள். நான் வரவில்லை. நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு நோட்டு வாங்கி அனுப்பச் சொன்னேன். நான் படித்தது அஞ்சாங் கிளாஸ். பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மோட்டார் ஓட்டினவள் இல்லை. இலத்தூரில் இருந்து காலை பஸ்ஸில் வந்து, லைப் ஜாக்கெட்டைத் துவைத்துக் காயப்போட்டு, வருகிறவர்களுக்கு வார் கட்டிவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறினவள். குற்றாலத்துச் சாரலில் லைப் ஜாக்கெட் காய்வது என்றால் என்ன என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்தவர்கள் அப்படியே வந்து போட்டுக்கொள்வதால், ஒவ்வொரு ஜாக்கெட்டும் பொரித்த அப்பளம் மாதிரி மினுங்கும். அந்த எண்ணெயை எடுக்கவே எனக்கு பாதி ஆயுசு போய்விட்டது.

அப்புறம் எதற்கு மோட்டாரைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள்? நான் உட்கார்ந்த இடம் அப்படி. படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து துவைத்தால், கட்டிப் போட்டிருக்கும் மோட்டார் படகின் பின்பக்கம் கண்ணுக்கு நேரே இருக்கும். ஓட்டுகிறவன் முன்னால் பார்ப்பான். சவாரி வந்தவர்கள் மலையைப் பார்ப்பார்கள். மோட்டாரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சம்பளம் வாங்கினவள் நான் ஒருத்திதான்.

நம் துறையில் மிதிபடகுகள் நிறைய, மோட்டார் படகு ஒன்றே ஒன்று. மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்து நடுக்குளத்தில் நின்றுவிடுகிறவர்களைக் கயிறு போட்டு இழுத்துவருவது அதன் வேலை. அது இல்லாமல் ஒரு மிதிபடகும் குளத்துக்குள் போகக்கூடாது என்பது சட்டம். ஆக, அந்த மோட்டார் படுத்தால் துறை மூடல். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த மோட்டார் குளத்துத் தண்ணீரைக் கீழே இருந்து உறிஞ்சும். தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் தண்டின் அடியில் சீப்புப் பல் மாதிரி கீறல்கள் இருக்கும், அதுதான் வாய். உறிஞ்சிய தண்ணீர் உள்ளே சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு, பின்னால் ஒரு சின்ன ஓட்டை வழியாக மெல்லிசாகப் பீய்ச்சி அடிக்கும். அது வந்தால் உள்ளே சுகம். வராவிட்டால் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பீய்ச்சலுக்குத் துறையில் ஒரு பெயர் உண்டு. நீங்கள் முதல் நாளே கேட்டுச் சிரித்திருப்பீர்கள். அதை இப்போதைக்கு எழுத மாட்டேன். பின்னால் எழுதாமல் முடியாது, அப்போது எழுதுகிறேன்.

படகோட்டி சுடலைக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஆளைவிடக் குரல் பெரிசு. ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை இழுத்து மோட்டார் பிடித்ததும், திரும்பிப் பார்க்காமலே, அந்தப் பெயரையும் சேர்த்து, "ஏலே, போகுதா?" என்று கத்துவான். டிக்கெட் கொடுக்கிற காதர் அண்ணாச்சி கவுன்ட்டரில் இருந்து, "போகுதுவே!" என்பார். வெளியூர்க்காரர்கள் திடுக்கிட்டுப் பார்ப்பார்கள்.

இதில் ஒரு ரகசியம் உண்டு. காதர் அண்ணாச்சி உட்கார்ந்த இடத்தில் இருந்து மோட்டாரின் பின்பக்கம் தெரியவே தெரியாது. நான் பார்ப்பேன், தலையை ஆட்டுவேன், என் தலையைப் பார்த்து அவர் கத்துவார். கண் என்னுடையது, வாய் அவருடையது. எத்தனையோ வருஷம் துறை இப்படித்தான் ஓடியது.

ஒரு சீசனில் மோட்டாருக்குச் சூடு பிடிக்க ஆரம்பித்தது. இழுத்துவரப் போனது, தானே நடுக்குளத்தில் நின்றது. அதை மிதிபடகில் வந்த இரண்டு காலேஜ் பையன்கள் இழுத்துவந்து கரை சேர்த்தார்கள். சுடலைக்கு மானம் போய்விட்டது.

"வே சுடலை," என்றார் காதர் அண்ணாச்சி. துபாயில் ஏசி பழுது பார்த்துவிட்டு வந்தவர், சூட்டைப் பற்றிப் பேச எல்லா உரிமையும் தனக்கு உண்டு என்று நினைப்பு. "ஒடம்பு சூடுன்னா நம்மூர்ல என்ன செய்வான்? எண்ணெய் தேச்சி அருவியில நிக்க வைப்பான். மோட்டாரை மெயினருவிக்குக் கொண்டு போவமா?"

சுடலை சிரிக்கவில்லை. "எண்ணெய் நான் காலையிலயே கூட ஊத்திட்டேன் அண்ணாச்சி" என்றான்.

அந்த மோட்டாருக்கு பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றுவார்கள். இவன் குற்றாலத்துக்காரன் மூளையோடு, சூடுதானே என்று இரண்டு பங்கு கலந்துவிட்டான். மறுநாள் மோட்டாரைக் கிளப்பினால், குளம் முழுக்க வெள்ளை வெளேர் என்று புகை. எதிர்க்கரை தெரியவில்லை. சவாரி வந்தவர்கள், "ஐயோ, மேகம் தண்ணி மேலயே இறங்குது பாரேன்!" என்று போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். புகைக்கு நடுவில் சுடலை இருமுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

பிறகு அவன் மோட்டாரைக் கழற்றினான். சாக்கு விரித்து எல்லாவற்றையும் பரப்பி, திரும்ப மாட்டினபோது ஒரு போல்ட்டு மிச்சம் வந்தது. "இது கம்பெனிக்காரன் சும்மா போட்டதா இருக்கும்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மோட்டார் அப்படியேதான் சூடானது.

கடைசியில் மலைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு மெக்கானிக் வந்தார். செங்கோட்டை வழியாக பைக்கில் வந்தவர், சின்ன வயசு, மலையாளம் பேசினார். பெயரைக் கேட்க எனக்குக் கூச்சம், அவரும் சொல்லவில்லை. சுடலை ஸ்பேனர் பெட்டியைத் திறந்து வைத்தான். அவர் அதைத் தொடவே இல்லை. என் பக்கத்துப் படியில் உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா ஒன்று குடித்தார். மோட்டாரைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். குனிந்து கீறல்களைப் பார்த்தார். இரண்டு விரலை விட்டு ஒரு ஷாம்பு கவரை உருவினார்.

அருவியில் குளிக்கிறவன் கிழித்துப் போடுகிற கவர்தான். ஓடையோடு குளத்துக்கு வந்து, மோட்டாரின் வாயை அப்படியே அடைத்திருக்கிறது. அவர் அதைத் தண்ணீரில் அலசிப் படித்துப் பார்த்துவிட்டு, "முடி கொழியில்லா என்னு எழுதிட்டுண்டு" என்றார். "மோட்டாருக்கு இனி முடி கொட்டாதாம்வே" என்று காதர் அண்ணாச்சி சுடலைக்கு விளக்கினார்.

பின்னால் இருந்த ஓட்டையும் அழுக்கு அடைத்துக் கிடந்தது. குத்தி எடுக்க மெல்லிசாக ஏதாவது வேண்டும் என்று அவர் சுற்றிப் பார்த்தார். நான் என் கொண்டை ஊசியை எடுத்து நீட்டினேன். அதை வளைத்து, நிமிர்த்தி, குத்தி எடுத்துவிட்டு, "சேச்சிடெ டூல் கொள்ளாம்" என்று திருப்பிக் கொடுத்தார், அக்காவுடைய டூல் நன்றாக இருக்கிறதாம். அதற்குப் பிறகு அவர் சொன்னதை எல்லாம் என்னைப் பார்த்தே சொன்னார். நான்தான் இங்கே மேலாள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. திருத்த எனக்கு வாய் வரவில்லை, சுடலைக்கு மனசு வரவில்லை.

அவர் சொன்னது இவ்வளவுதான். ஆத்யம் கண்ணு, பின்னே கை, ஸ்பேனர் ஒடுவில். முதலில் பார், அப்புறம் தொடு, கடைசியில்தான் கழற்று. பின்னால் தண்ணீர் வரவில்லை என்றால் அந்த நிமிஷமே நிறுத்து. சூடான தலையில் தண்ணீர் ஊற்றாதே. கை வைத்துப் பத்து எண்ணுகிறவரை பொறுக்கிற சூடாகட்டும். நிறுத்தாமல் ஓட்டினால் உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் என் கொண்டை ஊசியும் உதவாது, அவர் ஸ்பேனரும் உதவாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, மிச்சம் வந்த போல்ட்டையும் சுடலையிடம் கேட்டு வாங்கி மாட்டிவிட்டுப் போனார்.

அதற்குள் மோட்டார் நடுக்குளத்தில் நின்ற கதை மேலிடம் வரை போய்விட்டது. ஒரு கடிதம் வந்தது. காதர் அண்ணாச்சி சத்தமாக வாசித்தார். ஆயுத பூஜைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை அதிகாரியே நேரில் வந்து படகில் ஏறிப் பார்ப்பார். மோட்டார் நடுவில் நின்றுபோனால் ஏலத்துக்கு அனுப்பப்படும். வேறு மோட்டார் வரும்வரை துறை மூடப்படும்.

"வேற எப்ப வருமாம்?" என்றான் சுடலை.

"நம்ம கக்கூஸுக்குக் கதவு வரும்னு சொன்னாவள்ளா, அதுக்கு அடுத்தாப்புல வரும்" என்றார் காதர் அண்ணாச்சி.

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கதவுக்குப் பதில் அன்றைக்கும் சாக்குப்படுதாதான் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோருமே தினக்கூலி. துறை மூடினால் மறுநாளில் இருந்து யாருக்கும் வேலை கிடையாது. சுடலை அன்று முழுக்க மெதுவாகப் பேசினான். அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை ஆயுத பூஜை. மோட்டாரை அலங்கரிப்பது என் வேலை. எந்த வருஷமும் அதன் தலையில் ஒரு பொட்டு, ஒரு முழம் பூ, அவ்வளவுதான். இந்த வருஷம் எனக்கு மனசு கேட்கவில்லை. சுடலையிடம் மோட்டாரைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, தலையில் இருந்து தண்டு வரை கழுவித் துடைத்தேன். ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்தேன். குழைத்துக்கொண்டே யோசித்தேன், இதற்கு நோவு எல்லாம் எங்கே வருகிறது? அந்தக் கீறலில்தானே. எந்த இடத்தில் நோவோ அந்த இடத்தில்தானே மருந்து போடுவோம். அடியில் இருந்த கீறல்களின் மேல் கெட்டியாகச் சந்தனம் அப்பினேன். பின்னால் இருந்த ஓட்டைக்கும் ஒரு விரல் அப்பி, குங்குமம் வைத்தேன். செவ்வந்தி இதழைப் பிய்த்துச் சந்தனத்தில் பதித்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

"யக்கா, மோட்டாரா இது, கல்யாணப் பொண்ணால்லா இருக்கு" என்றான் சுடலை.

எனக்கு முகம் எல்லாம் பூரிப்பு. இப்படி ஒரு முட்டாள்தனத்தை இவ்வளவு அக்கறையோடு நான் வேறு எப்போதும் செய்ததில்லை.

பூஜை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. மோட்டார் ராத்திரி முழுக்க அப்படியே இருந்தது, சந்தனம் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம். சுடலை, "சார் வந்தப்புறம் முத ஓட்டம் ஓடட்டும்" என்றான். பத்தரைக்கு மேல் எனக்கே மனசு உறுத்தி, "ஒருவாட்டி பாத்துரலாமே தம்பி" என்றேன். "ராகு காலம் யக்கா. பன்னெண்டு ஆகட்டும்" என்றான். பன்னிரண்டும் ஆனது, காதர் அண்ணாச்சி தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார், ஜும்மாவுக்குப் போக வேண்டும்.

"லெச்சுமி, கவுன்ட்டர்ல சும்மா கண்ணு வச்சிக்க. நான் வார வரைக்கும் புது டிக்கெட் கெடையாதுன்னு போர்டு வச்சிட்டேன். நீ வாயே தொறக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மிதிபடகுகளைத் திரும்பக் கூப்பிடுகிற மைக் அங்கேதான் மேஜைமேல் இருந்தது. அதை நான் துடைத்திருக்கிறேன். பேசினதில்லை.

அவர் அந்தப் பக்கம் போக, அதிகாரி இந்தப் பக்கம் வந்தார். விஜயதசமி லீவு என்பதால் வீட்டம்மாவையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு, அருவியில் குளித்துவிட்டு வந்திருந்தார். மூன்று பேர் தலையிலும் எண்ணெய். மாமியாருக்கு ஊர் திருவேங்கடம் பக்கம், தண்ணீர் காணாத கரிசல் காடு. குளத்தைப் பார்த்ததும், "யாத்தே, தண்ணி இம்புட்டு மொத்தமாக் கெடக்கு!" என்று நெஞ்சில் கை வைத்தார். நான் ஜாக்கெட்டைக் கட்டிவிட்டபோது, "ஏட்டி, இந்தப் பஞ்சு மூட்டை என்னைத் தூக்குமா?" என்றார். தூக்கும் என்று தலையாட்டினேன். "வாயைத் தொறந்து சொல்லேன், உசுரு விசயமுல்லா" என்றார்.

எல்லோரும் ஏறினார்கள். சுடலை கயிற்றை இழுத்தான். மோட்டார் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. அவன் வழக்கம்போல வாயைத் திறந்தான். எதிரே இரண்டு பொம்பிளைகள், நடுவில் அதிகாரி. திறந்த வாயை மூடிக்கொண்டான். "புறப்படலாமா ஐயா?" என்று ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் குரலில் கேட்டான்.

பிள்ளைகளா, கவனியுங்கள். எத்தனை வருஷமாக ஒரு நாள் விடாமல் கேட்ட கேள்வியை, மிக மிக அவசியமான அன்றைக்கு, மரியாதைக்காக அவன் விட்டான். கேட்டிருந்தாலும் பதில் சொல்லக் காதர் அண்ணாச்சி இல்லை. நானாவது பார்த்தேனா என்றால், வெயிலுக்கு ஒதுங்க வந்த ஒரு குடும்பம் படியில் வழுக்கி விழப்போக, அவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

படகு குளத்தை ஒரு சுற்றுச் சுற்றித் துறைக்கு நேரே வந்தது. அதிகாரி முகத்தில் நல்ல சிரிப்பு. எனக்கும் நிம்மதி. பழக்கதோஷத்தில் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. நான் வைத்த குங்குமப் பொட்டு அப்படியே கலையாமல் என்னைப் பார்த்தது.

சத்தமும் மாறியிருந்தது, தொண்டை கட்டினவன் பேசுகிற மாதிரி. மூடியின் ஓரத்தில் மெல்லிசாக ஆவி. அப்பாடா, வந்து கட்டப்போகிறான் என்று நான் நினைக்க, அதிகாரி ஒரு விரலைத் தூக்கி, இன்னொரு ரவுண்டு என்று காட்டினார். படகு திரும்பிவிட்டது.

எனக்கு அப்போது புரிந்தது, நோவு வந்த இடத்தில் நான் அப்பினது என்ன என்று.

இனி அந்த அரை நிமிஷத்தில் என் மனசில் ஓடினதை மறைக்காமல் எழுதுகிறேன். வாயை மூடிக்கொண்டிரு, ஒரு ரவுண்டு தாங்கினது இன்னொரு ரவுண்டும் தாங்கும், என்றது ஒரு மனசு. நீ நிறுத்தச் சொன்னால் அதுதான் நடுவில் நின்றது என்று ஆகிவிடும், கடிதத்தில் எழுதியபடி துறையை மூடிவிடுவார்கள், என்றது அதே மனசு. அது பயந்தவள் மனசு. பயந்த மனசு நன்றாகக் கணக்குப் போடும், தப்பாகப் போடும். அந்த மெக்கானிக் சொன்னதை நினைத்தேன். நிறுத்தினால் துறை போனாலும் போகலாம். வெந்து இறுகினால் மோட்டார் போயேபோய்விடும், துறையும் சேர்ந்தே போகும். நிறுத்தத்தான் வேண்டும்.

இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அதிகாரி பதிலுக்குக் கை ஆட்டினார். வீட்டம்மா ஆட்டினார். மாமியார் இரண்டு கையாலும் ஆட்டினார். ஏற்கனவே டிக்கெட் எடுத்து மிதிபடகில் இருந்தவர்கள், என்னவோ விசேஷம் என்று நினைத்து, குளம் முழுக்க எல்லோரும் எனக்கு டாட்டா காட்டினார்கள். சுடலை மட்டும் திரும்பவே இல்லை. அதிகாரி இருக்கும்போது நேராகப் பார்த்து ஓட்ட வேண்டும் என்று இருந்தான்.

கவுன்ட்டருக்கு ஓடினேன். மைக்கைப் பிடித்தேன். முதலில் என் மூச்சுத்தான் போனது. "ஹூ... ஹூ..." என்று மலை வரை கேட்டது. "தம்பி" என்றேன். எத்தனையோ தம்பிகள் திரும்பிப் பார்த்தார்கள். "சுடலை" என்றேன். அவன் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி, சரி யக்கா என்று காட்டினான். என்ன சரியோ. அந்த மோட்டார் சத்தத்தில், அவன் காது காலாகாலமாகக் கேட்டுப் பழகினது ஒரே ஒரு வார்த்தையைத்தான். அதைச் சொன்னால்தான் அவன் கை தானாக வேலை செய்யும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் வேறு என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தேன்.

கண்ணை மூடிக்கொண்டேன்.

"சுடலை! மூத்திரம் போகலை!"

எழுதிவிட்டேன். அன்றைக்குச் சொன்னதைவிட எழுதுவது கொஞ்சம் லேசாகத்தான் இருக்கிறது.

அது மைக்கில் போய், ஸ்பீக்கரில் வந்து, மலையில் இடித்து, "போகலை... கலை... லை..." என்று என்னிடமே திரும்பி வந்தது. மோட்டார் சத்தம் பட்டென்று நின்றது. யோசிக்கவே இல்லை அவன், கை தானாக அணைத்துவிட்டது. குளமே அமைதி. அந்த அமைதியில் ஒரு மிதிபடகில் இருந்து, "யாருக்கு?" என்று ஒருத்தன் கேட்டான். அப்புறம் எழுந்த சிரிப்பை நான் எழுத வேண்டாம்.

சுடலை மோட்டாரைத் தூக்கினான். இப்போது அவனுக்குச் சொந்தக் குரல் வந்துவிட்டது.

"யக்கா! இங்கன பூராவும் சந்தனமாக் கெடக்கு!"

"நான்தான் தம்பி அப்புனேன்" என்றேன் மைக்கில்.

"பூவும் கெடக்கு!"

"அதும் நான்தான்."

"நல்லாக் கும்புட்ட போ! எதை வச்சிக் குத்தி எடுக்க? உன் ஊசி அங்கனல்லா இருக்கு!"

இங்கே நின்று என்ன செய்ய முடியும்? அப்போதுதான் மாமியார் தலை கண்ணில் பட்டது. குளித்த கூந்தலை அள்ளிச் சொருகியிருந்தார். "பின்னால உக்காந்திருக்க அம்மா கொண்டையில இருக்கு தம்பி. கேட்டு வாங்கு" என்றேன். சுடலை கேட்கத் தயங்கினான். அந்தம்மாவே உருவி, "இந்தாலே, குத்து" என்று கொடுத்தார்.

சுடலை சந்தனத்தை நகத்தால் பேர்த்தான், கீறல் கீறலாக ஊசியை விட்டு எடுத்தான், பின்னால் ஓட்டையையும் குத்தினான். எண்ணெய் ஊறின ஊசி வழுக்கிக்கொண்டு போனது, சுலபமாகத்தான் இருந்தது என்று பிறகு சொன்னான். அந்த அவசரத்தில் கயிற்றை இழுக்கப் போனவனை, "பொறு! கை வச்சிப் பத்து எண்ணு!" என்று மைக்கில் அதட்டினேன். நானா அதட்டினேன் என்று எனக்கே ஆச்சரியம். மாமியார் முந்திக்கொண்டு தன் கையை மோட்டார் தலையில் வைத்தார். "ஒண்ணு, ரெண்டு, மூ... ஆத்தீ!" என்று எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஏழு வரை போனார். அதற்குள் மிதிபடகுகள் எல்லாம் சுற்றி வந்துவிட்டன, கூட்டமே சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. மூன்றாவது தடவை எட்டு, ஒம்பது, பத்து என்று முடித்தபோது குளத்தில் கைதட்டல். அதிகாரி மட்டும் ஜாக்கெட்டுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மோட்டாரை இறக்கிக் கயிற்றை இழுத்தான். பிடித்தது. சுடலை அதிகாரி முகத்தைப் பார்த்து மறுபடியும் வாயை மூடிக்கொண்டான். மாமியார் குனிந்து பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஏலே, போகுதுலே! நல்லாப் போகுது!"

கரைக்கு வந்ததும் அதிகாரி கடிதத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். நான் காயப்போட்டிருந்த ஜாக்கெட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். 

"நடுவில் நின்றுவிட்டதே" என்றார் அதிகாரி. "கிளம்பும்போதே ஏன் பார்க்கவில்லை?"

"எப்பவும் கேப்போம் ஐயா. இன்னிக்கு... அம்மால்லாம் இருந்தாங்க. அந்த வார்த்தையை எப்படி..." என்று சுடலை நெளிந்தான்.

"இதுல என்ன வெக்கம்?" என்றார் மாமியார். "சின்னப் பிள்ளைக்குச் சூடு பிடிச்சா வீட்டுல மொதல்ல எதைக் கேக்கோம்? போகுதான்னுதானே கேக்கோம்? நீங்க சின்னதுல எத்தனை வாட்டி உங்க அம்மைகிட்ட பதில் சொல்லியிருப்பீக மாப்பிள்ளை?"

வீட்டம்மா மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினார். பிறகு, "நான் எழுதியது தானாகக் கெட்டு நிற்கிற மோட்டாருக்கு. இது கெடுவதற்கு முன்னால் நீங்கள் பார்த்து நிறுத்தியது. துறை நடக்கட்டும்" என்றார். "ஆனால் யார் ஏறினாலும், நானே ஏறினாலும், கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சத்தமாக. மைக்கில் பேசியது யார்?"

ஜாக்கெட்டுக்குக் கீழே என் கால் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள், நான் வரவில்லை. நல்லவேளை, காதர் அண்ணாச்சி தொப்பியோடு ஓடி வந்தார். "என்னவே நடக்கு இங்க? பள்ளிவாசல் வாசல்ல நிக்கேன், நம்ம லெச்சுமி குரல் மாதிரி கேக்குன்னா ஒரு பயலும் நம்ப மாட்டேங்கான்!"

அதற்குப் பிறகு படித்துறையில் ஒரு போர்டு வந்தது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'புறப்படுமுன் குளிர்விப்பு நீர் வெளியேற்றத்தை உறுதி செய்யவும்.' அழகான எழுத்து. அதை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. கக்கூஸுக்குக் கதவும் அதோடு வந்தது. ஆயுத பூஜைக்கு மோட்டார் தலையில் ஒரே ஒரு பொட்டு. வாயிலும் பின்னாலும் சாமியே வந்து கேட்டாலும் சந்தனம் கிடையாது. பின்னால் இருந்து பார்க்கிறவர் ஒருத்தர், கத்துகிறவர் ஒருத்தர் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பார்த்தவரே கத்தட்டும். பெரிய மனிதர்கள் ஏறுகிற அன்றைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தட்டும். மரியாதை மோட்டாருக்குப் புரியாது.

எனக்கு வேலை முடிந்த அன்றைக்குச் சால்வை போட்டு, மைக்கை நீட்டி, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் காதர் அண்ணாச்சி முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். அப்போது நடுக்குளத்தில் ஒரு மிதிபடகு நின்றுவிட்டது. சுடலை பேச்சை விட்டுவிட்டு ஓடிப்போய் மோட்டாரைக் கிளப்பினான். வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல், அந்த வார்த்தையையும் சேர்த்து, "போகுதா?" என்று கத்தினான். காதர் அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் பின்பக்கத்தைப் பார்த்தேன். பிறகு அந்த மைக்கை வாங்கினேன்.

"போகுது தம்பி" என்றேன்.

மைக்கில் நான் பேசினது மொத்தம் ரெண்டே தடவை. ரெண்டுமே ஒரே விஷயத்தைப் பற்றித்தான்.